16½ மணித்தியாலம் என்று அச்சிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழின் பயணப் பக்கத்தில், கீழ்மூலையில் ஒரு சிறு பெட்டி போட்டிருந்தீர்கள். தொலைதூர விமான நிலையங்கள் சிலவற்றுக்கு இடையிலான தூரமும் நேரமும் அதில் இருந்தன. நான்காவது வரி இது: கட்டுநாயக்கா – ரொறன்ரோ, 14,000 கிலோமீற்றர், 16½ மணித்தியாலம். மற்ற வரிகளை விட்டுவிடுகிறேன். இந்த ஒரு வரியைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. இதே 16½ஐத்தான் கடந்த சித்திரையில் பயண முகவர் ஒருவர் என் அக்காவின் டிக்கெட் உறையின் மேல் நீல மையால் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டுக் கொடுத்தார். அந்த எண்ணை நம்பி வீட்டை விட்டுப் புறப்பட்ட 71 வயதுப் பெண், முன்பின் தெரியாத ஒரு விமான நிலையத்தில் கைகால் நடுங்கி, வியர்த்து, நாற்காலியில் சரிந்து கிடந்தார்.

நான் கிளிநொச்சி வட்டக்கச்சியில் இருந்து எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் புவியியல் படிப்பித்தவன். ஆகையால் முதலில் தூரத்தைச் சரிபார்த்தேன். அது சரி. வீட்டில் பன்னிரண்டு அங்குல உலக உருண்டை ஒன்று இருக்கிறது. முன்பிருந்தது 2009 இடப்பெயர்வில் போய்விட்டது. இது மீள்குடியேறிய பிறகு வாங்கியது. அதில் கட்டுநாயக்காவில் ஒரு நூல் நுனியை அழுத்திப் பிடித்து, ரொறன்ரோ வரைக்கும் தொய்வில்லாமல் இழுத்தேன். அளந்தபோது 33½ சென்றிமீற்றர். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர்தான் வருகிறது.

அந்த நூல் எந்த வழியாகப் போகிறது என்பதை உங்கள் வாசகர்கள் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும். சுவரில் தொங்கும் தட்டைப் படத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கனடாப் பாதை அரபுக் கடல், ஐரோப்பா, அத்திலாந்திக் என்று மேற்கே போக வேண்டும்போலத் தோன்றும். உருண்டையில் இழுத்த நூல் அப்படிப் போவதில்லை. மகாராஷ்டிரத்தின் மேலாக வடக்கே ஏறுகிறது. ஆப்கானிஸ்தானையும் கசகஸ்தானையும் கடக்கிறது. ரஷ்யாவின் வடகோடியில் ஆர்க்காங்கெல்ஸ்க் நகரத்தை ஒட்டிப் போய், ஐஸ்லாந்துக்கும் வடக்கே ஏறத்தாழ 72 பாகை அகலக்கோட்டைத் தொட்டு, கிரீன்லாந்தின் பனிக்கு மேலால் ரொறன்ரோவுக்கு இறங்குகிறது. நெல் வயலில் தொடங்கி ஆர்க்டிக் வட்டத்துக்குள் நுழைந்து வெளியேறும் கோடு அது. இதை வகுப்பில் காட்டும்போது பிள்ளைகள் வாய்திறந்து நிற்பார்கள்.

ஆனால் ஐயா, அந்தக் கோட்டில் பயணிகள் விமானம் எதுவும் ஓடவில்லை. கட்டுநாயக்காவிலிருந்து ரொறன்ரோவுக்கு நேரடிச் சேவை இல்லை. அவ்வளவு தூரம் இறங்காமல் பறக்க விமானத்தால் முடியாது என்பதல்ல காரணம். சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு 15,300 கிலோமீற்றருக்கு மேல் ஒரே மூச்சில் பறக்கிறார்கள், 18 மணித்தியாலத்துக்கும் மேலாக. நம்முடைய இரண்டு ஊர்களுக்கும் இடையில் அப்படி ஒரு சேவையை எவரும் நடத்தவில்லை என்பதே நிலைமை. நடத்தினாலும் நூல் காட்டும் வழியே எல்லோரும் போய்விட முடியாது. 2021க்குப் பிறகு ஆப்கானிஸ்தான் வானத்தைப் பல விமான நிறுவனங்கள் தவிர்த்தன. 2022இலிருந்து கனடிய, ஐரோப்பிய நிறுவனங்களுக்கு ரஷ்யா தன் வானத்தை மூடி வைத்திருக்கிறது.

அப்படியானால் 16½ எங்கிருந்து வந்தது? 14,000ஐ 850ஆல் வகுத்துப் பாருங்கள். விடை 16½க்கு மிக அருகில் வரும். மணிக்கு 850 கிலோமீற்றர் வேகம் என்று வைத்துக்கொண்டு யாரோ, அல்லது ஏதோ ஒரு கணிப்பான், வகுத்துப் போட்ட எண் அது. எந்த விமான நிறுவனத்தின் நேர அட்டவணையிலும் அது இல்லை. ஓடாத விமானத்தின் நேரத்தைத்தான் முகவர் எழுதிக் கொடுத்தார், நீங்களும் அச்சிட்டீர்கள்.

இனி உண்மையான பயணத்தைச் சொல்கிறேன்.

அக்கா திங்கட்கிழமை இரவு 10.30க்கு வான் வண்டியில் ஏறினார். ஏ9 வீதி வழியே வவுனியா, மதவாச்சி, பிறகு அநுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு. நானும் கூடப் போனேன். கட்டுநாயக்காவை அடைந்தபோது காலை 5 மணி. விமானம் 10.05க்கு. நான்கரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாகப் பறந்து வளைகுடா நகரம் ஒன்றில் இறங்கினார். அங்கு பிற்பகல் 1 மணி. அடுத்த விமானம் மறுநாள் அதிகாலை 3.30க்கு. இடையில் பதினான்கரை மணித்தியாலம் நாற்காலியில். பிறகு 14 மணித்தியாலம் பறந்து, ரொறன்ரோவில் புதன் காலை 9.30. குடிவரவு, பெட்டி எடுத்தல், நெடுஞ்சாலை எல்லாம் முடிந்து ஸ்காபரோவில் அக்காவின் மகளான என் மருமகளின் வீட்டுக் கதவைத் திறந்தபோது அங்கே காலை 11.45. வட்டக்கச்சியில் புதன் இரவு 9.15.

வீட்டு வாசலில் இருந்து வீட்டு வாசலுக்கு 46 மணித்தியாலமும் 45 நிமிடமும். உங்கள் பெட்டியில் 16½.

நூலை மறுபடி எடுத்தேன். இம்முறை டுபாய் வழியாக வளைத்து வைத்தேன். ஏறத்தாழ 3,290 கிலோமீற்றரும் 11,080 கிலோமீற்றரும் சேர்ந்து 14,370. நேர்கோட்டைவிட 370 கிலோமீற்றர்தான் அதிகம். உருண்டையில் ஒரு சென்றிமீற்றர்கூட இல்லை. லண்டன் வழியாக வைத்தாலும் 14,420தான் வருகிறது. எனவே சுற்றுப்பாதைதான் நேரத்தைத் தின்கிறது என்று எவராவது சொன்னால் அது சரியல்ல. நேரம் போனது நூலில் தெரியாத இடங்களில். வளைகுடாவில் காத்திருந்த பதினான்கரை மணித்தியாலத்துக்கு உருண்டையில் நீளமே இல்லை. கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்காவுக்கு நேர்கோட்டில் 250 கிலோமீற்றர். உருண்டையில் அது 6 மில்லிமீற்றர், ஒரு நெல்மணியின் நீளம். அந்த ஒரு நெல்மணி நீளத்தைக் கடக்க எங்களுக்கு ஓர் இரவு வேண்டும். கொழும்பில் இருந்து எழுதுகிறவருக்கு விமான நிலையம் ஒரு மணித்தியால ஓட்டம். வன்னியில் இருப்பவருக்குப் பயணத்தின் முதல் நாளே அதுதான்.

அக்காவுக்கு நீரிழிவு. பதினைந்து வருடமாகக் காலையும் மாலையும் இன்சுலின் போடுகிறார். பயணத்துக்கு முன் கிளினிக் கொப்பியுடன் வைத்தியரிடம் போனார். எத்தனை மணித்தியாலப் பயணம் என்று வைத்தியர் கேட்டார். அக்கா உறையை எடுத்து நீட்டினார். 16½. அப்படியானால் காலை ஊசியை விமானம் ஏறுமுன் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள், அடுத்ததை மகள் வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டுடன் போடுங்கள் என்று வைத்தியர் எழுதினார். அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார். கையில் கொடுத்த எண்ணுக்குச் சரியான பதிலைத்தான் எழுதினார். சரியான எண் போயிருந்தால் இடையில் எப்போது, எவ்வளவு, எதைச் சாப்பிட்டுப் போடுவது என்று அதையும் எழுதியிருப்பார்.

சாப்பாடும் அந்த எண்ணின்படியே கட்டப்பட்டது. எட்டு றொட்டி, கொஞ்சம் கட்டச்சம்பல், நான்கு கதலி வாழைப்பழம். புத்தளத்தில் இரண்டு றொட்டி முடிந்தது. காலை 6 மணிக்கு, ஊசிக்கு முன், விமான நிலைய வாசலில் வைத்து மூன்று. விமானத்தில் கொடுத்த சாப்பாட்டில் மச்ச மாமிசம் கிடந்ததால் அக்கா பணிசை மட்டும் தின்றுவிட்டுத் தட்டை மூடிவிட்டார். சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும். முகவர் அதைக் கேட்கவுமில்லை, நாங்கள் அறியவுமில்லை.

வளைகுடாவில் மாலை 6 மணியானபோது மிச்சம் ஒரு காய்ந்த றொட்டி. ஊரில் அப்போது 7.30. ஊசி போடும் நேரம் தாண்டிவிட்டதே என்ற பயத்தில், கழிவறைக்குள் போய் மாலை அளவை முழுமையாகப் போட்டுக்கொண்டு வந்து, அந்த றொட்டியில் பாதியைத் தின்றிருக்கிறார். பாதி தொண்டைக்குள் இறங்கவில்லை. சக்கர நாற்காலியில் கொண்டுவந்து விட்டவர்கள் திரும்பி வரவில்லை. கடைகள் கண்ணுக்கு எதிரே இருந்தன. கையில் இருந்த கனடா டொலர் அங்கே செல்லுமோ, என்ன மொழியில் கேட்பது என்ற தயக்கத்தில் எழும்பவில்லை. நீண்ட நேரம் காத்திருப்பவர்களுக்குச் சில விமான நிறுவனங்கள் உணவுச் சீட்டுக் கொடுக்கும். அதைக் கேட்கலாம் என்பதே அக்காவுக்குத் தெரியாது.

8 மணிக்குச் சற்று முன் வியர்க்கத் தொடங்கியது. குளிரூட்டிய மண்டபத்தில் சேலை முதுகோடு ஒட்டியது. விரல்கள் நடுங்கி, கைப்பையின் சிப்பைத் திறக்க முடியவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த ஓர் இளம் பெண்தான் தமிழில் கேட்டிருக்கிறார், என்ன அம்மா செய்கிறது என்று. மட்டக்களப்புப் பக்கம், வீட்டு வேலைக்காகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தவர். தன் தாயாருக்கும் இதே வருத்தம் என்பதால் பார்த்த உடனே விளங்கிக்கொண்டார். ஓடிப்போய்த் தன் காசில் மாம்பழச்சாறு இரண்டு பெட்டி வாங்கி வந்து, குழாயைக் குத்தி வாயில் வைத்தார். கால் மணித்தியாலத்தில் நடுக்கம் நின்றது. பிஸ்கற்றும் கொடுத்து, தன் விமானத்துக்கு அழைக்கும் வரை அக்காவின் கையை விடாமல் பிடித்தபடி இருந்திருக்கிறார். அந்தத் தங்கையின் பெயரை அக்கா கேட்டுவைக்கவில்லை. இந்தக் கடிதம் எப்படியாவது அவர் கண்ணில் பட்டால், வட்டக்கச்சியில் ஒரு குடும்பம் அவரை நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதை அறிந்துகொள்ளட்டும்.

அதே வேளை, பேரப்பிள்ளைகளுக்கென்று கட்டிய பத்துப் பனங்கட்டிக் குட்டான் பெரிய பெட்டிக்குள், கைக்கு எட்டாத இடத்தில் கிடந்தது. ஒன்றைக் கைப்பையில் போட்டிருந்தால் போதும். 16½ மணித்தியாலத்துக்கு அது எதற்கு என்று சொன்னவன் நான்தான். அதை நினைக்க நெஞ்சு இன்னும் பதறுகிறது.

கடிகாரக் கணக்கையும் சொல்ல வேண்டும். டிக்கெட்டில் இருக்கும் நேரம் எல்லாம் அந்தந்த ஊர் நேரம். புறப்பாடு 03.30, வருகை 09.30 என்று பார்த்த அக்கா ஆறு மணித்தியாலம் என்று எண்ணிக்கொண்டார். பறந்தது பதினான்கு. நடுவில் எட்டு மணித்தியாலம் கடிகாரத்துக்குள் ஒளிந்து கிடந்தது. மருந்து உடம்பின் நேரத்துக்குத்தான் வேலை செய்யும். சுவர்க் கடிகாரத்துக்கு அல்ல.

வன்னி மக்களுக்கு இது விளங்காத சங்கதியும் அல்ல. 1996இல் தெற்கே கடிகாரத்தை முன்னே தள்ளியபோது இங்கே பழைய நேரமே இருந்தது. 2002இல் பாதை திறந்த பின், ஓமந்தையைத் தாண்டித் தெற்கே போகிறவர்கள் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் முன்னே வைப்பார்கள். திரும்பி வரும்போது பின்னே வைப்பார்கள். 2006 ஏப்ரலில் நாடு முழுவதும் பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை அப்படித்தான். பாகைக்கு 4 நிமிடம், 15 பாகைக்கு ஒரு மணித்தியாலம், நம் நேரத்தின் கோடு 82½ பாகைக் கிழக்கு என்று அந்த வருடங்களில் படிப்பித்தபோது, வேறெந்தக் காலத்திலும் இல்லாத கவனத்துடன் பிள்ளைகள் கேட்டார்கள். ஒரே நாளில் இரண்டு நேரம் பார்த்தவர்கள் அவர்கள். இரண்டு ஊரின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கொடுத்தால் எங்கள் ஆட்கள் கச்சிதமாகக் கணக்குப் பார்ப்பார்கள். கொடுக்காமல் விடுவதுதான் பிழை.

விமானம் என்றால் இந்த மண்ணுக்கு வேறு நினைவும் உண்டு. கிபிர் போர் விமானத்தின் இரைச்சல் கேட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் இறங்கிய தாய்மாரில் அக்காவும் ஒருவர். அவர் முதன்முதலாக விமானத்துக்குள் ஏறியது இந்தச் சித்திரையில், மருமகளின் பிள்ளைப்பேறு பார்க்க. எங்கள் ஊரிலிருந்து தனியாகப் புறப்படும் தாய்மார் அநேகர் அக்காவைப் போன்றவர்கள். சந்தேகம் கேட்க ஆளில்லாமல், அச்சில் வந்ததை வேதமாக எடுத்துக்கொள்கிறவர்கள். ஊரில் ஒரு சாவு விழுந்தால், ரொறன்ரோவில் இருக்கும் மகன் எப்போது வந்து சேருவான் என்று கணக்குப் பார்த்துத் தகனத்துக்கு நேரம் குறிப்பதும் இப்படியான எண்ணை வைத்துத்தான்.

பலாலியில் 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையம் திறந்தபோது நாங்கள் பெரிதும் மகிழ்ந்தோம். கிளிநொச்சியிலிருந்து எண்பது கிலோமீற்றர் அளவுதான். ஆனால் அங்கிருந்து சென்னை வரையான 356 கிலோமீற்றரைப் பறப்பதால் கனடாப் பயணியின் இரவு இன்னும் குறையவில்லை. அதுபற்றித் தனியாக எழுத வேண்டும்.

இப்போது என் வேண்டுகோள். அந்தப் பெட்டியைத் திருத்தி மீண்டும் வெளியிடுங்கள். தூரத்தை அப்படியே வையுங்கள், அது நல்ல பாடம். 16½ஐ எடுத்துவிட்டு, உண்மையில் ஓடும் விமானங்களின் பறப்பு நேரத்தைப் போடுங்கள். அது பதினெட்டு, பதினெட்டரை மணித்தியாலம் வரும். அதற்கு அருகில், இடையில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டிவரும் என்று எழுதுங்கள். அக்காவின் காத்திருப்பு மூன்று மணித்தியாலமாக இருந்திருந்தால்கூட மொத்தம் 35 மணித்தியாலத்துக்குக் குறைந்திருக்காது என்பதையும் கவனியுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா வாசகர்களுக்கென்று வீதி நேரத்தையும் சேர்த்து ஒரு வரி போட்டால் உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும். வந்து சேரும் நேரத்தைத் திகதியுடன், இரண்டு ஊர்க் கடிகாரத்திலும் குறிப்பிடுங்கள். தேவையான கணக்கு முழுவதையும் செய்து தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்; ஒரு சதமும் வேண்டாம்.

அக்கா கார்த்திகை நடுவில் திரும்புகிறார். அதற்குள் கனடாவில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னே வைத்துவிடுவார்கள். இப்போது ஒன்பதரையாக இருக்கும் வித்தியாசம் அன்று பத்தரை. கிழக்கே வரும்போது மேல்வானத்துக் காற்று பின்னிருந்து தள்ளுவதால் நீண்ட பறப்பு சற்றுக் குறையும். இரண்டையும் சேர்த்து ஒரு தாளில் எழுதி, எந்த மணிக்கு ஊரில் எத்தனை மணி என்று கட்டம் போட்டு மருமகளுக்கு அனுப்பியிருக்கிறேன். அங்குள்ள வைத்தியரிடம் காட்டி ஊசி நேரம் எழுதி வாங்கும்படி சொல்லியிருக்கிறேன். கைப்பையில் இனிப்பும், சைவச் சாப்பாட்டுப் பதிவும் இந்த முறை தவறாது. உங்கள் திருத்தம் அதற்கு முன் வெளிவந்தால், அந்தப் பெட்டியை வெட்டி, கிளிநொச்சியில் அதே முகவரின் மேசைக் கண்ணாடிக்குக் கீழே நானே கொண்டுபோய் வைப்பேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
வட்டக்கச்சி, கிளிநொச்சி.